முட்டை முன்கூட்டியே வெடிக்காம இருக்க ஊசியா, மாத்திரையா?

தேன்மொழி, திண்டுக்கல்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 31. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சனை) இருக்கு, முட்டை இருப்பு எவ்வளவுன்னு காட்டுற ஏஎம்எச் ரத்த டெஸ்ட் 8.2. விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள்ள செலுத்துற ஐயுஐ பண்ணிப் பார்த்தும் கரு நிக்கலை. மதுரையில ஒரு சென்டர்ல ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் முறை) ஆரம்பிக்கப் போறோம், அடுத்த பீரியட்ஸ் 2வது நாள் வரச் சொல்லியிருக்காங்க.

முட்டை வளர ஊசி போடும்போது, எடுக்கிறதுக்கு முன்னாடியே அது வெடிச்சுப் போயிடாம இருக்க இன்னொரு மருந்தும் வேணுமாம். அதுக்கு டாக்டர் ரெண்டு வழி சொன்னார். ஒண்ணு, ஊசி ஆரம்பிச்ச 5வது, 6வது நாள்ல இருந்து தினமும் வயித்துல செட்ரோரெலிக்ஸ். இன்னொண்ணு, முதல் நாள்ல இருந்தே காலையும் ராத்திரியும் டைட்ரோஜெஸ்டரோன் மாத்திரை. "உங்களுக்கு ரெண்டுமே சரிவரும், வீட்டுல பேசிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டார்.

வீட்டுல பேசினதுல இன்னும் குழப்பம்தான். அத்தை, "இத்தனை லட்சம் போடுறோம், இந்த ஊசியில மட்டும் ஏன் மிச்சம் பிடிக்கணும், ஊசியே போட்டுக்கோ"ன்னு சொல்றாங்க. நாத்தனார் சில வருஷம் முன்னாடி வேற ஊர்ல ஐவிஎஃப் பண்ணினவங்க. அவங்களுக்கு முந்தின மாசம் 21வது நாள்லயே லூப்ரோலைடு ஊசி ஆரம்பிச்சாங்களாம். முட்டை எடுத்த பிறகு வயித்துல நீர் கோர்த்து அட்மிட் ஆகி ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. "இந்த ஊசியே வேண்டாம்டி"ன்னு அவங்க சொல்லும்போது எனக்குக் கை நடுங்குது.

டைட்ரோஜெஸ்டரோன் நான் பீரியட்ஸ் வரவழைக்க எத்தனையோ தடவை போட்ட மாத்திரை. அது எப்படி முட்டை வெடிக்கிறதைத் தடுக்கும்? ரெண்டுல எது உறுதியாத் தடுக்கும்? போட்டுக்கிட்டவங்க, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கவிதா, திருப்பூர்

தேன்மொழி, எனக்கும் பிசிஓஎஸ்தான். கானிரெலிக்ஸ் போட்டாங்க. மருந்து ரொப்பியே வர்ற சிரிஞ்ச், கலக்குற வேலை இல்லை. போட்ட இடத்துல ஒரு ரூபாய் காசு அளவுக்குச் சிவந்து அரிக்கும், கொஞ்ச நேரத்துல அடங்கிடும். ஒரே இடத்துல போடாம இன்னைக்கு இடது பக்கம், நாளைக்கு வலது பக்கம்னு மாத்திப் போடுங்க. ஸ்பிரிட் பஞ்சு தொடைச்சதும் ஈரம் காயுற வரைக்கும் பொறுத்துக் குத்தினா எரிச்சல் கம்மியா இருக்கும். எனக்கு ஒரு முட்டைகூட வெடிக்கலை. மாத்திரை முறை பத்தி எனக்குத் தெரியாது, ராஜிக்கா வந்து சொல்வாங்க.

ராஜி, கோவை

தேன்மொழி கண்ணு, நான் கோவையில ஒரு ஐவிஎஃப் சென்டர்ல ஊசி ரூம் நர்ஸ். ரொம்ப வருஷமா இதே வேலைதாங்க. நீங்க கேட்ட கேள்வியோடதான் பாதிப் பேர் என் முன்னாடி வந்து உட்காருவாங்க. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையாப் படிங்க.

எது உறுதியாத் தடுக்கும்னு கேட்டீங்க. சரியா, நேரம் தவறாமப் போட்டா ரெண்டுமே தடுக்கும். இதுல வித்தியாசம் தெரியுறது கடைசியிலதான். முட்டை பழுக்கக் கடைசியாப் போடுற டிரிக்கர் ஊசி எது, கருவை அப்பவே உள்ள வைக்கலாமா இல்ல ஃப்ரீஸ் பண்ணணுமா, வயித்துல நீர் கோர்க்குமா. இந்த மூணுக்கும் பதில் நீங்க இப்ப எடுக்கிற முடிவுலதான் இருக்கு.

முதல்ல முட்டை ஏன் முந்திக்கிட்டு வெடிக்குதுன்னு புரிஞ்சுக்கோங்க. சாதாரண மாசத்துல ஒரு ஃபாலிகிள்தான், அதாவது முட்டை இருக்கிற சின்ன நீர்ப்பைதான், பெருசா வளரும். அது 18, 20 மில்லிமீட்டர் வரும்போது ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போய் ரெண்டு நாள் போல அங்கேயே நிக்கும். அதைப் பார்த்துத் தலைக்குள்ள இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி எல்எச் ஹார்மோனை மொத்தமா வெளிய விடும். அதுல இருந்து ஏறக்குறைய 36 மணி நேரத்துல முட்டை வெளிய வந்துடும். ஐவிஎஃப்ல உங்களுக்குப் பத்துப் பதினஞ்சு ஃபாலிகிள் ஒண்ணா வளருது. ஒவ்வொண்ணும் ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறதால, ஒவ்வொரு ஃபாலிகிளும் 13, 14 மில்லிமீட்டர்ல இருக்கும்போதே மொத்த அளவு உச்சத்துக்கு ஏறிடுது. முட்டை தயாராயிடுச்சுன்னு பிட்யூட்டரி எல்எச்சை விட்டுடும். அப்புறம் முட்டை எடுக்க ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தா ஃபாலிகிள் சுருங்கிக் கிடக்கும், முட்டை கைக்கு வராது. தடுப்பு மருந்து எதுவும் இல்லாத காலத்துல ஏறக்குறைய 5 சுழற்சிக்கு 1 இப்படி வீணாச்சுன்னு சொல்வாங்க.

1978ல முதல் டெஸ்ட் டியூப் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்தப்ப இந்த மருந்தெல்லாம் கிடையாது. இங்கிலாந்துல ஓல்டாம்ங்கிற ஊர்ல டாக்டர் ஸ்டெப்டோ, எட்வர்ட்ஸ் குழு, பெண்களோட சிறுநீரைச் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை வாங்கி எல்எச் ஏறுதான்னு சோதிச்சாங்க. ஏறிடுச்சுன்னா மணி கணக்குப் போட்டு, நடுராத்திரியானாலும் ஆபரேஷன். அந்தக் குழுவுல மூணாவது ஆள் ஜீன் பர்டி, நர்ஸாப் படிச்சவங்க. லேப் வேலை முழுக்க அவங்க கையிலதான். அவங்க பேரு பல காலம் யாருக்கும் தெரியாமலே போச்சு. அது எனக்கு மனசுல ஆறாத வருத்தம், அதான் இங்க எழுதுறேன்.

இப்ப மருந்துக்கு வர்றேன். மூளையில இருந்து ஜிஎன்ஆர்எச்னு ஒரு ஹார்மோன் விட்டு விட்டு வந்து பிட்யூட்டரியைத் தட்டும். தட்டினாதான் அது எல்எச் விடும். லூப்ரோலைடு, டிரிப்டோரெலின், பியூசரெலின் எல்லாம் அந்த ஹார்மோன் மாதிரியே செஞ்ச மருந்துங்க. காலிங் பெல்லை விடாம அழுத்திக்கிட்டே இருந்தா வீட்டுல இருக்கிறவங்க முதல்ல பதறி ஓடி வருவாங்க, அப்புறம் கண்டுக்கவே மாட்டாங்க இல்லீங்களா, அதேதான் நடக்குது. முதல் சில நாள் எல்எச் எகிறும், அப்புறம் 10, 14 நாள்ல பிட்யூட்டரி அடங்கிடும். அந்த நாளெல்லாம் முன்னாடியே கழியணும்னுதான் உங்க நாத்தனாருக்கு முந்தின மாசம் 21வது நாள்ல ஆரம்பிச்சாங்க. லாங் புரோட்டோகால்னு சொல்றது இதைத்தான். லண்டன்ல 1984ல ஐவிஎஃப்புக்கு இப்படிப் பயன்படுத்தினதை எழுதினாங்க, அதுக்கப்புறம் பல வருஷம் உலகம் முழுக்க இதுதான் ஓடுச்சு.

செட்ரோரெலிக்ஸும் கானிரெலிக்ஸும் 2000 வாக்குல வந்ததுங்க. இது போய் பிட்யூட்டரியோட வாசலை நேரா அடைச்சிடும், சில மணி நேரத்துலயே எல்எச் இறங்கிடும். முதல்ல எகிறுற கதையே இல்லை. அதனால முந்தின மாசமே ஆரம்பிக்க வேண்டியதில்லை, 5வது 6வது நாள்ல இருந்தோ, பெரிய ஃபாலிகிள் 14 மில்லிமீட்டர் தொட்டதுல இருந்தோ தினம் 0.25 மில்லிகிராம் போதும். இந்த ரெண்டுக்கும் நடுவுல எது உசத்தின்னு அலையாதீங்க, வேலை ஒண்ணுதான். செட்ரோரெலிக்ஸ் பெரும்பாலும் பொடியா வரும், கலக்கிப் போடணும். கானிரெலிக்ஸ் கவிதா சொன்ன மாதிரி ரெடியா வரும். ஆனா கானிரெலிக்ஸ் சிரிஞ்சோட ஊசி மூடியில ரப்பர் பால் கலந்திருக்கலாம். பலூன், கையுறை பட்டாத் தடிக்கிற உடம்புன்னா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

மாத்திரை எப்படித் தடுக்குதுன்னு கேட்டீங்க, அது நல்ல கேள்வி. ஒவ்வொரு மாசமும் முட்டை வெடிச்ச பிறகு உடம்புல புரோஜெஸ்டரோன் ஏறி நிக்கும். அந்த நாள்ல இன்னொரு எல்எச் எழுச்சி வராது, உடம்போட ஏற்பாடே அப்படி. அதையே கொஞ்சம் முன்னாடி கொண்டு வர்றாங்க. முதல் நாள்ல இருந்து புரோஜெஸ்டரோன் வகை மாத்திரை ரத்தத்துல இருந்தா, ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு ஏறினாலும் பிட்யூட்டரி அசையாது. 2015ல ஷாங்காய் டாக்டர்கள் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டரோன் மாத்திரையை வெச்சு இதை வெளியிட்டாங்க. அப்புறம் டைட்ரோஜெஸ்டரோனும் வந்துச்சு, பொதுவா நாளுக்கு 20 மில்லிகிராம். பீரியட்ஸுக்காக நீங்க போட்டது இதே மாத்திரைதான். அப்ப நிறுத்தினதும் பீரியட்ஸ் வந்துச்சு, இப்ப நிறுத்தாம டிரிக்கர் வரைக்கும் போடுறீங்க.

இதுல ஒரே ஒரு சிக்கல் இருக்கு. முதல் நாள்ல இருந்தே புரோஜெஸ்டரோன் போறதால கர்ப்பப்பை உள்சவ்வு காலம் தப்பிடும். அதனால அந்தச் சுழற்சியில கருவை உள்ள வைக்க முடியாது, எல்லாத்தையும் ஃப்ரீஸ் பண்ணி வேற மாசம்தான் வைக்கணும். முட்டை வளர்க்கிற ஊசியும் சிலருக்குக் கொஞ்சம் கூடப் போகும்.

உங்க ஏஎம்எச் 8.2, கூடவே பிசிஓஎஸ். முட்டை நிறைய வரும்னுதான் எதிர்பார்ப்பாங்க, நீர் கோர்க்கிற பயத்துல எப்படியும் ஃப்ரீஸ்தான் பண்ணுவாங்க. அப்ப மாத்திரையோட அந்தக் குறை உங்களுக்குப் பெருசாப் படாது. டாக்டர் ரெண்டையும் சொன்னதுக்கு அதுதான் காரணமா இருக்கும்.

நாத்தனார் விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் இவ்வளவும் எழுதினேன். அவங்க வயித்துல நீர் கோர்த்ததுக்குத் தடுப்பு ஊசியை மட்டும் குத்தம் சொல்லக் கூடாதுங்க. லாங் புரோட்டோகால்ல பிட்யூட்டரி அடங்கிக் கிடக்கிறதால டிரிக்கருக்கு எல்எச் மாதிரியே வேலை செய்யுற எச்சிஜி ஊசிதான் போட முடியும். எச்சிஜி உடம்புல ஒரு வாரம் போல நின்னு சினைப்பையைத் தூண்டிக்கிட்டே இருக்கும். முட்டை நிறைய இருக்கிற உடம்புல அதுதான் ரத்தக் குழாய்ல இருந்து நீரைக் கசிய விடுறது. செட்ரோரெலிக்ஸோ மாத்திரையோ போட்டா பிட்யூட்டரி வேலை செய்யுற நிலையிலதான் இருக்கும். அப்ப டிரிக்கருக்கு ஒரே ஒரு டோஸ் லூப்ரோலைடோ டிரிப்டோரெலினோ போட்டா, முதல்ல எகிறும்னு சொன்னேனே, அந்த எகிறலே முட்டையைப் பழுக்க வெச்சிடும். ஒண்ணரை நாளுக்குள்ள எல்எச் இறங்கியும் போயிடும். உங்க நாத்தனார் பயப்படுற அதே லூப்ரோலைடு, உங்களுக்கு நீர் கோர்க்காமப் பாதுகாக்கிற மருந்தா வரலாம். சில பேருக்கு மட்டும் அந்த எகிறல் போதாமப் போகும், அதனால சில இடத்துல மறுநாள் காலையில ரத்தத்துல எல்எச் பார்த்து உறுதி பண்ணிக்குவாங்க.

அதனால டாக்டர்கிட்ட, "எனக்கு டிரிக்கர் என்ன? ஃப்ரீஸ்னு முடிவாயிடுச்சா?"ன்னு கேளுங்க. ஃப்ரீஸ்தான்னு உறுதியாச் சொன்னா நான் மாத்திரைப் பக்கம்தான் சாய்வேன். வயித்துல குத்துறது குறையும், செலவும் நல்லாவே குறையும். இந்த ஊசி ஒண்ணொண்ணுக்கும் ஆயிரம் ரூபாய் போல ஆகுது. அத்தைகிட்ட, விலை குறைஞ்சா வேலையும் குறைஞ்சதுன்னு நினைக்க வேண்டாம்னு சொல்லுங்க. முட்டையைப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம், அதே மாசம் வைக்கவும் வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் சொன்னா ஊசிதான், வேற பேச்சே இல்லை.

வண்டல், தஞ்சாவூர்

ராஜிக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனா 21வது நாள் ஊசியைப் பழைய முறைன்னு எல்லாரும் ஒதுக்கிடாதீங்க. எனக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரியான திசு வெளிய வளர்றது, கூடவே அதே மாதிரி திசு கர்ப்பப்பைச் சுவருக்குள்ள வளர்ற அடினோமயோசிஸ். எனக்கு டிரிப்டோரெலின் 3.75 மில்லிகிராம், மாசத்துக்கு ஒண்ணா முதல்ல போட்டு அந்தப் புண்ணை அடக்கின பிறகுதான் மேற்கொண்டு போனாங்க. பீரியட்ஸ் வலியே இல்லாம ஒரு காலம் இருந்ததுன்னா அது அப்பதான். ஏஎம்எச் கம்மிங்கிறதால நீர் கோர்க்கிற பேச்சே எனக்கு வரலை.

கஷ்டமும் இருந்துச்சு. மாதவிடாய் நின்னவங்களுக்கு வர்ற மாதிரி திடீர்னு உடம்பு தீயா எரியும், தலைவலி, தூக்கம் போயிடும், காரணமே இல்லாம அழுகை வரும். இது மருந்தோட வேலைன்னு வீட்டுல முன்னாடியே சொல்லி வெச்சா நல்லது. தேன்மொழிக்கு இது தேவைப்படாது. என்னை மாதிரி வலியோட இதைப் படிக்கிறவங்க இருந்தா அவங்களுக்காக எழுதினேன்.

ராஜி, கோவை

வண்டல், சரியாச் சொன்னீங்க. எண்டோ, அடினோ இருக்கிறவங்களுக்கு அந்த ஊசி பெரிய துணைதான். பொதுவாப் பார்த்தா குழந்தை பிறக்கிற வாய்ப்புல லாங் முறைக்கும் செட்ரோரெலிக்ஸ் வகைக்கும் பெரிய வித்தியாசம் தெரியலைன்னும், நீர் கோர்க்கிறது செட்ரோரெலிக்ஸ் வகையில குறைவுன்னும்தான் ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவங்க சொல்றாங்க. பிசிஓஎஸ் உள்ளவங்களுக்கு ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவச் சங்கமான ஈஷ்ரேவோட வழிகாட்டியும் பாதுகாப்பை வெச்சு செட்ரோரெலிக்ஸ் வகையைத்தான் பரிந்துரைக்குது.

தேன்மொழி, திண்டுக்கல்

ராஜிக்கா, கண்ணு கலங்கிடுச்சு. இவ்வளவு விவரமா யாருமே எனக்குச் சொன்னதில்லை. நாத்தனாரும் பக்கத்துல உட்கார்ந்து படிச்சாங்க. எச்சிஜி பத்தி எழுதினதை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க.

இன்னைக்கு டாக்டருக்கு போன் பண்ணிக் கேட்டோம். டிரிக்கர் எதுன்னு ஸ்கேன் பார்த்துத்தான் சொல்வாராம், லூப்ரோலைடா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னார். ஆனா முட்டை ரொம்ப வரலைன்னா அந்த மாசமே வைக்கவும் யோசிக்கலாம்னு சொன்னார். அப்ப ஊசின்னே முடிவு பண்ணிட்டோம். அத்தைக்கும் சந்தோஷம்.

இன்னும் சந்தேகம் இருக்கு அக்கா. பொடியை நானே கலக்கிப் போட முடியுமா? மதுரைக்கு பஸ்ல போற நாள்ல நேரம் தவறிட்டா என்ன ஆகும்? மருந்தை எப்படிக் கொண்டு போறது?

ராஜி, கோவை

தாராளமா முடியும் கண்ணு. எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவே எங்க ரூம்ல கத்துக்கிட்டு மகளுக்குப் போட்டிருக்காங்க.

கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு உட்காருங்க. பெட்டிக்குள்ள சின்னக் குப்பியில வெள்ளைப் பொடி, தண்ணி ரொப்பின சிரிஞ்ச், ரெண்டு ஊசி இருக்கும். மஞ்சள் அடையாளம் போட்ட தடிமனான ஊசி கலக்குறதுக்கு, சாம்பல் நிற மெல்லிசு ஊசி குத்துறதுக்கு. உங்களுக்குக் கொடுக்கிற கம்பெனியில நிறம் மாறலாம், தடிமன் பார்த்துக்கோங்க. தடிமனான ஊசியை மாட்டி, தண்ணியைக் குப்பியோட சுவர் ஓரமா மெதுவா விடுங்க. குலுக்கவே குலுக்காதீங்க, நுரை கட்டிடும். ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு மெல்ல உருட்டினா தண்ணி மாதிரித் தெளிஞ்சிடும். மப்பா இருந்தாலோ துகள் மிதந்தாலோ அதைப் போட வேண்டாம், சென்டருக்கு போன் பண்ணுங்க. தெளிஞ்சதும் குப்பியைக் கவுத்து, ஊசி முனை எப்பவும் மருந்துக்குள்ளயே இருக்கிற மாதிரி பார்த்துக்கிட்டு கடைசிச் சொட்டு வரை இழுங்க. குப்பியோட அடியில ஒட்டிக்கிட்டு நிக்கிற அந்தச் சொட்டுதான் நிறைய பேர் விட்டுடுறது. அப்புறம் மெல்லிசு ஊசி மாத்தி, காத்துக் குமிழியைத் தட்டி மேல ஏத்தி வெளிய தள்ளிட்டு, தொப்புளுக்குக் கீழ ரெண்டு விரல் தள்ளிச் சதையைப் பிடிச்சுக் குத்துங்க. கலக்கினதும் உடனே போட்டுடணும், அப்புறம் போடலாம்னு வெச்சிருக்கக் கூடாது.

நேரத்துக்கு வர்றேன். தினமும் ஒரே நேரத்துல போடுங்க. ரெண்டு ஊசிக்கு நடுவுல 30 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, கடைசி ஊசிக்கும் டிரிக்கருக்கும் நடுவுலயும் இதே கணக்குதான். ஒரு மணி, ரெண்டு மணி பிந்தினா முட்டை போயிடாது, ஞாபகம் வந்த உடனே போட்டுட்டு சென்டருக்குச் சொல்லிடுங்க. ஒரு நாள் முழுசா விட்டுப் போச்சுன்னா மறைக்காம உடனே போன் பண்ணுங்க, ரத்தம் எடுத்து எல்எச் பார்ப்பாங்க. ஸ்கேனுக்குப் போற நாள்ல பஸ் எப்ப வரும்னு தெரியாது. அதனால காலையில கிளம்புறதுக்கு முன்னாடி, 6 மணி மாதிரி ஒரு நேரத்தை டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கிட்டா வழியில ஊசியைத் தூக்கிக்கிட்டுத் திரிய வேண்டாம்.

கொண்டு போயே ஆகணும்னா சின்ன ஐஸ் பெட்டி போதும். ஐஸ் பேக்கைத் துண்டுல சுத்தி அடியில வெச்சு, மேல மருந்தை வைங்க, ஐஸ் நேராப் பட்டு உறையக் கூடாது. வீட்டுல ஃப்ரிட்ஜோட நடுத்தட்டு, ஃப்ரீசர் பக்கமே போகக் கூடாது.

டிரிக்கர் நேரம் மட்டும் வேற மாதிரி. அது நிமிஷக் கணக்கு. ராத்திரி 9.30க்குப் போடச் சொன்னா 9.30தான், ஏன்னா 36 மணி நேரம் கழிச்சு மறுநாள் விட்டு அதுக்கடுத்த நாள் காலையில உங்களுக்குத் தியேட்டர் நேரம் குறிச்சிருப்பாங்க. அன்னைக்குக் காலையில செட்ரோரெலிக்ஸ் போடணுமா வேண்டாமான்னு வாயால கேட்டுட்டு வராதீங்க, சீட்டுல எழுதி வாங்கிக்கோங்க.

முட்டை எடுத்த பிறகு வயிறு உப்பிக்கிட்டே போனா, ஒரே நாள்ல எடை 1 கிலோவுக்கு மேல ஏறினா, சிறுநீர் குறைஞ்சா, மூச்சு வாங்கினா, எந்த நேரமானாலும் போன் பண்ணிட்டுக் கிளம்பிடுங்க. லூப்ரோலைடு டிரிக்கர் போட்டிருந்தாலும் இதைக் கவனிக்கணும். வீட்டுல எடை மெஷின் இல்லைன்னா இப்பவே ஒண்ணு வாங்கி வெச்சிடுங்க. நாத்தனாரைக் கூட வெச்சுக்கோங்க, அவங்களைவிட இந்த அறிகுறி தெரிஞ்சவங்க உங்க வீட்டுல யாரு இருக்கா?